பதினேழு வித்தையும் ஒரு ‘ம்’மும்

நாஹா

அன்புள்ள மகன் மொரிஹிதெக்கு,

அடுப்புத் தெய்வத்தின் கிருபையில் அப்பாவும் நானும் சுகம். ஒசாகாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் தெய்வத்துக்குத் தண்ணீர் மாற்றும்போது கும்பிட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் வந்தது. இந்த மாதம் இன்னும் மூன்று கராத்தே வித்தை படித்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய், என் நோட்டில் குறித்தேன், ஆக மொத்தம் பதினேழு. அப்பாவிடம் பெருமையாக வாசித்தேன். பதினேழு பூட்டு வாங்கிட்டானாக்கும், வீடு கட்டிட்டானான்னு கேளு என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அங்கே நிற்பது யார், பக்கத்து வீட்டு கென்யூ. மூன்று வருஷமாக அப்பா சொல்லித்தரும் அந்த ஒரே முதல் வித்தை, சான்சின்தான், மூன்று அடி முன்னே, மூச்சு, மறுபடி திரும்பி நில். எட்டே மாதத்தில் உனக்குச் சலித்துப்போனதே, அதே. அப்பா அவன் வெறுந்தோளில் பளார் பளார் என்று தட்டி, அசைகிறானா என்று பார்க்கிறார். நீ நின்ற இடம் அது, எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன், ஊதுவத்தி வைத்து, இவனுக்கு ஒரு ஜலதோஷமாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தேவிட்டது. பயந்துபோய் நானே இஞ்சிக் கஷாயம் கொண்டுபோனேன், தோமி அத்தை கைமணமே தனி என்று அவன் குடித்ததில் இன்னும் எரிச்சல்.

போன செவ்வாய் அவன் தோளைத் தட்டிவிட்டு அப்பா ‘ம்’ என்றார். உனக்கு ஒருநாளும் சொல்லாத ‘ம்’. முன்னோர் வரும் நாளில் அவர்கள் முன்னால் சான்சின் செய்யப்போவது யார் என்று கேட்டேன். நிக்கத் தெரிஞ்சவன் என்றார், உன் பெயரும் சொல்லவில்லை, அவன் பெயரும் சொல்லவில்லை. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேள். நேற்று சோயா ஊறிய பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன், இருபத்தாறு வருஷம் முற்றத்துப் பயிற்சியை ஜன்னல் வழியாகப் பார்த்த பழக்கம், சான்சினில் நிற்கிற மாதிரி பாதம் தானாக உள்ளே திரும்பிக்கொண்டது. பின்னால் வந்த அப்பா ஏதோ நினைப்பில் என் இரண்டு தோளிலும் ஓங்கித் தட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. ‘ம்’ என்றார், அப்புறம்தான் நான் என்று தெரிந்து காது சிவந்துபோய் நகர்ந்துவிட்டார். கென்யூ மேல் இருந்த எரிச்சல் பாதி தீர்ந்தது, இனி நீ என்மேல் எரிச்சல்படு.

முன்னோர் உன்னைக் காக்கட்டும். அவர்கள் வருகிற ஏழாம் மாதம் பதின்மூன்றுக்கு முன்னால் இங்கே வந்து சேரும் கப்பலில் இடம் பிடி. பதினேழையும் அங்கேயே வைத்துவிட்டு, தோளை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

தோள் இன்னும் சிவந்திருக்கும்
உன் அம்மா தோமி