சீமைப் பிக்கப்பும் நம் வீட்டுப் பிக்கப்பும்

அன்பு மச்சான் தணிகாசலத்துக்கு,

நீ போயிருக்கிற இடத்தில் மின்சாரம் உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தால் அங்கேயும் யாராவது பாடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி வந்திருப்பார்கள். வேலைக்கு நடுவே படித்துக்கொள்.

கார்த்திகையில் உனக்குத் தலை திவசம் முடிந்தது. உன் அக்கா சரோஜா உனக்குப் பிடிக்குமே என்று மிளகு வடை தட்டினாள். காக்கை வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் சுவரில் உட்கார்ந்தது. வடைக்குள் ஒயர் கியர் இருக்கிறதா என்று யோசிக்கிறது போல என்று நான் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிக்க வைத்ததற்காக என்னைத் திட்டினாள். இதில் எது உனக்கு வந்து சேர்ந்ததோ.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தறிக்குழியில் இறங்கியவன் நான். எனக்கு ஒரு சந்தேகம் வந்து மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. எலக்ட்ரிக் கிட்டாருக்கு விலை கூடின பிக்கப் போட்டால் நன்றாகப் பாடுமா, மலிவானதும் அதே போலத்தான் பாடுமா? சிரிக்காதே. இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டதே நீதான்.

நம் பிள்ளை குமரேசன் தன் மரக் கிட்டாரைக் கரண்டுக் கிட்டாராக மாற்றித் தரச் சொல்லி உன் ரேடியோக் கடையில் வந்து நின்ற நாள் ஞாபகம் இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ரேடியோவுக்குள் அனுப்புகிற காந்தக் கட்டைதான் பிக்கப் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்தாய். முடி போன்ற செம்புக் கம்பியை அதைச் சுற்றிச் சுற்றவேண்டும் என்றாய். உன் கையில் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. சரோஜாதான் பிடுங்கி, நெசவு நூல் சுற்றுகிற தன் தார் ராட்டையில் மாட்டி, ஊடைப் பட்டு சுற்றுகிற மாதிரி ஒரே இழுப்பில் சுற்றிக் கொடுத்தாள்.

கொடுத்தாளா? பழக்கதோஷத்தில், நூல் தாரை நனைக்கிற மாதிரி அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். நீ தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, அது கரண்டு சாமான். குளிப்பாட்டக் கூடாது" என்றாய். வெயிலில் காயவைத்து, மெழுகு ஊற்றி அடைத்துப் பொருத்தினாய். பாடியது. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் உன் மருமகன் படிப்பை விட்டுக் கிட்டாரைப் பிடித்துக்கொண்டான். அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடாதே.

இப்போது அவன் சாரதி மாஸ்டருடைய மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான். மாஸ்டர் பகலில் ஆபீஸில் குமாஸ்தா, சாயங்காலம் அக்கார்டியன். நல்ல மனிதர், முன்கோபி. பங்குனி உத்திரத்துக்குக் கோவில் பக்கத்துத் தெருவில் கச்சேரி பேசியிருந்தார். தை மாதமே குமரேசனைக் கூப்பிட்டு, உன் கிட்டார் வாசிக்காதபோதும் உர்ரென்கிறது, நல்ல பிக்கப் போடு, இல்லையென்றால் வாலாஜாபாத்தில் ஒரு பையன் சீமைக் கிட்டார் வைத்திருக்கிறான், அவனை மேடையேற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி பிள்ளை சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஆசைதான் வந்தது. புடவை எடுக்க வருகிறவர்கள் இரண்டு பட்டுச் சேலையை முன்னால் போட்டுக்கொண்டு, இதுக்கும் அதுக்கும் அப்படி என்னங்க வித்தியாசம் என்று கேட்கும்போது நான் எவ்வளவு மிதப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது நானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

மதராசில் நீ சாமான் வாங்குகிற கடைக்குக் குமரேசனோடு போனேன். உன் பேரைச் சொன்னதும் கடைக்காரர் எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கப்பலில் வந்த பிக்கப் ஒன்றை எடுத்துக் கொடுத்து, போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பங்குனி கழித்துத் திருப்பிக் கொடுங்கள் என்றார். உன் பேருக்கு அங்கே இன்னும் கடன் கொடுக்கிறார்கள் மச்சான். என் பேருக்கு நம் தெருவிலேயே கிடையாது.

குமரேசன் இரண்டையும் ஒரே கிட்டாரில் பொருத்தி, நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தான். இந்தப் பக்கம் தட்டினால் உன்னுடையது, அந்தப் பக்கம் தட்டினால் சீமை. ஒரே கட்டை, ஒரே கம்பி, ஒரே கை. நீ விட்டுப்போன வால்வு ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகினோம். தெரு முழுக்கத் தறி ஓடுகிறபோது என்ன கேட்கும்? அதனால் அமாவாசைக்குக் காத்திருந்தோம். அன்றைக்குத்தான் யாரும் தறியில் உட்கார மாட்டார்களே. மாஸ்டரையும் வரவழைத்தேன். நடுவே சரோஜாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டி, பின்னாலிருந்து அவன் வாசித்தான்.

முதலில் ஒன்று, பிறகு மற்றது. நான் ரேடியோப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டேன். பட்டுத் துணியைக் கையால் தொட்டுப் பார்த்தே பழகியவனுக்குக் காதுமேல் நம்பிக்கை வராது. முதலாவதுதான் சீமை, நெசவு கெட்டியாக இருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து குமரேசன், "அது மாமாவோடதுபா" என்றான். கையை எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர் எனக்கு முன்பே சரியாகச் சொல்லியிருந்தார். வாசிப்பு நின்றதும் உன்னுடையதில் உர்ரென்ற இரைச்சல், மற்றதில் சுத்தமான மௌனம். ஆனால் உன் அக்காவுக்கு உன்னுடையதுதான் பிடித்திருந்தது. "இதுல ஏதோ ஓடிக்கினே இருக்குது. அது நின்னா வீடே காலி பண்ணா மாதிரி இருக்குது" என்றாள். தம்பி செய்தது என்று தெரிந்து சொல்லவில்லை. அவளும் மாஸ்டரும் சொல்லி, கடைசியாக நான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் குமரேசன் எது எதுவென்று சொன்னான். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அமாவாசை என்றாலே ஒருமாதிரிதான்.

மாஸ்டர் எழுந்து துண்டை உதறினார். சீமையே போடுங்கள், அல்லது பையன் கீழே உட்காரட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். குமரேசன் திரையை அவிழ்க்காமல் பின்னாலேயே இருந்தான். சீமையில் இரைச்சல் இல்லை என்பது அவனுக்கும் பிடிபட்டுவிட்டது. தன் மாமன் செய்தது தோற்றது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நான் தறியில் இருந்தேன். உள்ளே அவன் வாசிக்கிறான். எதில் வாசிக்கிறான் என்று காதைத் தீட்டிப் பார்க்கிறேன், தெரியவில்லை. என் தறி, எதிர்வீட்டுத் தறி, பக்கத்து வீட்டுத் தறி, எல்லாம் சேர்ந்து அந்த உர்ரை விழுங்கிவிட்டன. ஸ்விட்சை மாற்றச் சொன்னேன், மறுபடி மாற்றச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான். ஆபீஸுக்குப் போகிற மாஸ்டரை வழியில் மறித்து உள்ளே இழுத்தேன். அவரும் நின்று கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். தப்பாகச் சொன்னார். மறுபடி தப்பாகச் சொன்னார்.

"ஏகாம்பரம், நம்ம மேடைக்கு முன்னாடி தறி ஓடாதே" என்றார்.

"கூட்டத்தோட வாய் ஓடுமே மாஸ்டர்" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, இரண்டும் கிட்டாரிலேயே இருக்கட்டும், மேடை ஏறட்டும், ஆனால் ஒரு பாட்டிலாவது இரைச்சல் என் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிடவேண்டும், வாலாஜாபாத்துப் பையன் தயாராகக் கீழே இருப்பான் என்றார். ஒப்புக்கொண்டோம்.

பங்குனி உத்திரத்தன்று மேடையில் மூங்கிலுக்கு மூங்கில் ட்யூப் லைட் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் குமரேசன் முகம் வெளுத்தது. ட்யூப் லைட் பக்கத்தில் உன் பிக்கப் அதிகமாகக் கத்தும் என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாயாமே. கீழே முதல் வரிசையில் வாலாஜாபாத்துப் பையன், மடியில் பளபளவென்று கிட்டார். நல்ல பிள்ளை, எனக்கு முறுக்கு கூடக் கொடுத்தான். அவனை வெறுக்க முயன்றேன், முடியவில்லை.

வேகமான பாட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் போயின. கடலைக்காரன் கூவல், பிள்ளைகள் அழுகை, விருப்பப் பாட்டு எழுதிக் கொடுக்கிற சீட்டுக்கு அடிதடி. நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு மெதுவான பாட்டு. ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் தனியாக. அவன் வாசிக்க வாசிக்கக் கூட்டத்தின் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. தெருவில் அமாவாசை இறங்குகிற மாதிரி இருந்தது மச்சான். யாராவது இருமுங்களேன், சண்டை போடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பெற்ற பிள்ளை வாசிக்கும்போது கூட்டம் பேசவேண்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாரும் பேசவில்லை. கடலைக்காரன் கூட நின்றுவிட்டான். நான் மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு, தான் சேரவேண்டிய இடத்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே வாலாஜாபாத்துப் பையன் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது குமரேசனிடம் கேட்டேன். அந்தப் பாட்டுக்கு எதைப் போட்டாய், சீமையா, மாமாவினுடையதா?

அவன் கிட்டாரைப் பார்த்தான். ஸ்விட்சைப் பார்த்தான். அது இருந்த பக்கம் கடைசிப் பாட்டுக்கு மாற்றியது. "தெரியலபா. அப்ப நான் பாக்கல" என்றான்.

மாஸ்டர் வந்து, ஓரிக்கையில் அடுத்த கச்சேரி, காலையிலேயே வந்துவிடு என்றார். பிக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் கப்பல் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். அங்கேதான் பிள்ளை என்னை மடக்கினான். "வேணும்பா. அதுல நான் வாசிக்காதப்ப ஒண்ணும் கேக்காது. அதுக்குத்தான் அவ்ளோ காசு." யோசித்துப் பார்த்தேன். கேட்கிறதற்கு இல்லை, கேட்காமல் இருப்பதற்குக் காசு கொடுக்கிறோம். இது சரியா மச்சான்? கேட்கிற பாட்டு இரண்டிலும் ஒன்றேதானா, அல்லது என் காதுக்கு அவ்வளவுதான் எட்டுகிறதா? நீ இருந்தால் ஏதாவது ஒரு ஒயரைக் கழற்றி எனக்குக் காட்டியிருப்பாய். மதராசுக்குப் போய் அதற்குக் காசைக் கட்டிவிட்டு வந்தோம். இப்போது கிட்டாரில் இரண்டும் இருக்கின்றன.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ செய்தது அந்தக் கிட்டாரை விட்டு இறங்காது. ஆனால் நீ செத்துப்போனாய் என்பதற்காக உன்னுடையதுதான் உசத்தி என்று எவனிடமும் சொல்ல மாட்டேன். இரைச்சல் இருக்கிறது என்றே சொல்வேன். யாராவது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், உட்காரவைத்து, இரண்டையும் வாசிக்கச் சொல்லி, நானும் அவரோடு சேர்ந்து கேட்பேன்.

உன் அக்காவிடம் அன்றும் இன்றும் தோற்றுக்கொண்டிருக்கும்
உன் மாமா,
ஏகாம்பரம்