ஐந்தாவது ஆளின் அரிசி

14 ஆகஸ்ட் 2007, செவ்வாய். சிவகாசி

கோலாலம்பூர் பத்திரிகையிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. உதவி ஆசிரியர். மாதம் 2,800 ரிங்கிட். அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். ஒரு ரிங்கிட் பன்னிரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இங்கே இருபத்திரண்டு வருடம் நிருபராக ஓடி வாங்கும் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. ஆனால் குடும்பத்தோடு போனால் மிஞ்சுமா?

அங்கே இருக்கும் நண்பர் எழுதியபடி: இரண்டு அறை வீடு 700. மின்சாரம், தண்ணீர் 90. கதிரவனுக்கும் ஓவியாவுக்கும் பள்ளி 600. பஸ், ரயில் 150. மொத்தம் 1,540. சாப்பாட்டுக்கு மட்டும் விலைகளை அனுப்பியிருக்கிறார். எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்.

குருவம்மாளிடம் கேட்டேன். "அரிசி இருபத்தஞ்சு கிலோ மூட்டை, இருபத்திரண்டு நாளைக்கு வருது," என்றாள்.

மூட்டை பிரிக்கும் தேதியை அரிசி டின் மூடிக்கு உள்ளே பென்சிலால் குறித்துவைப்பது என் பழக்கம். பார்த்தேன். மே மாத மூட்டை 29 நாள் வந்திருக்கிறது. ஜூன் 30. ஜூலை நடுவில் பிரித்தது 22. நாளுக்குக் கால் கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது.

"பிள்ளைக வளருதுக," என்றாள். ஒரே மாதத்திலா?

15 ஆகஸ்ட், புதன்

மாரிசெல்வி போய் நாற்பது நாள். குருவம்மாளின் அக்கா மகள், பத்தொன்பது வயது. ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஆலைப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எடுத்ததும் நான்தான். டோக்கன் 41, மாரிசெல்வி (19). பெயரில் பிழை வரக்கூடாது என்று இரண்டு தரம் சரிபார்த்துத்தான் செய்தி அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்றார்கள். மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

இன்று சகலை ராக்கப்பன் வீட்டுக்குப் போனோம். படத்தில் மாலை இல்லை. விளக்கும் இல்லை. அக்காவும் தங்கையும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். இருவர் கண்ணிலும் ஈரமில்லை.

19 ஆகஸ்ட், ஞாயிறு

சோப்பு: மாதம் நான்கு போதும். இப்போது ஐந்து. பால்: அரை லிட்டர் கூடுதல். தேங்காய் எண்ணெய், சிலிண்டர், எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு ஆள் கூடுகிறது. கணக்கில் நான்தான் தப்பு செய்கிறேனா?

மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது மாடியில் யாரோ நான்கு எட்டு நடந்து நின்றதைக் கேட்டேன். மாடி அறை வீட்டுக்காரர் கனகசபாபதியுடையது. அச்சகக்காரர், விற்காத காலண்டர்களை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார். சாவி நம் வீட்டில்தான் இருக்கிறது.

"எலி," என்றாள் குருவம்மாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

22 ஆகஸ்ட், புதன்

கோலாலம்பூர் வீட்டின் படத்தை ஓவியாவுக்குக் காட்டினேன். எட்டு வயது, எல்லாவற்றுக்கும் கேள்வி. அங்கன கடல் இருக்கா, அங்கன முறுக்கு கிடைக்குமா. பிறகு கேட்டாள்: "ரெண்டு ரூம்தான இருக்கு. மாரி அக்கா எங்கன படுக்கும்?"

கதிரவன் அவள் தொடையில் கிள்ளினான். "ஏலே, சும்மா கெட," என்று அவனை அதட்டிய குருவம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழந்தை. ஏதோ நினைப்பில் சொல்லியிருக்கும். ஆனால் கதிரவன் ஏன் கிள்ளினான்?

24 ஆகஸ்ட், வெள்ளி

விருதுநகருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குத் திரும்பினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

மாரிசெல்வி அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். கை வாய்க்குப் பாதியில் நின்றது.

முதலில் கால்களைத்தான் பார்த்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

"சாப்பிட்டீகளா சித்தப்பா?" என்றாள்.

25 ஆகஸ்ட், சனி

இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. அவள் சொன்னது:

"சீசன் நேரம் சித்தப்பா. அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். ஒரு நாள் போகலைன்னாலும் வேன்காரன் வாசல்ல வந்து நின்னு ஏசுவான். டோக்கனக் குடுத்து வேற ஆள ஏத்திவிட்டா கேக்கமாட்டான். அவனுக்குத் தலை எண்ணிக்கை சரியா இருக்கணும், அம்புட்டுத்தான். எல்லாரும் செய்றதுதான்."

அன்று அவள் வீட்டில் சொல்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலை கேட்கப் போயிருக்கிறாள். நாலாம் நாள் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் தன் சாவைப் படித்தாள். "பேரு, வயசு, ஊரு, எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீக."

பயந்துபோய்த் திருப்பூரிலேயே சில நாள் இருந்துவிட்டு, இருட்டியபின் ஊருக்கு வந்திருக்கிறாள். நிவாரணக் காசோலை வந்த நாள் அது. ராக்கப்பன் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பணம் கடனுக்குப் போய்விட்டது. விடியுமுன் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் படுக்கிறாள்.

அவள் டோக்கனில் போனது யார்?

"வேன் நிக்கிற இடத்துல நின்னா. எனக்கும் வேலை கெடைக்குமாக்கான்னு கேட்டா. ஆலங்குளம்னா. எடது புருவத்துல ஒரு வெட்டு."

"பேர்?"

சித்தியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "கேக்கலையே."

நானும் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்து எழுதினேன்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

செலவுப் பட்டியலை எடுத்ததும் குருவம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அஞ்சு பேருக்குப் போடுங்க."

"இறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சு. செத்தவளுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பா?"

"நீங்கதான சாக வச்சீக. நீங்களே எழுப்புங்க."

"எழுப்பினா உங்க அத்தான் உள்ள போவார்."

"நாம போயிட்டா இவளுக்கு யாரு சோறு போடுவா? அதையும் உங்க கணக்குல எழுதுங்க."

எழுதிப் பார்த்தேன். ஐந்து பேர் என்றாலும் மாதம் 400 ரிங்கிட் மிஞ்சும். பணம் இடிக்கவே இல்லை.

30 ஆகஸ்ட், வியாழன்

ஆலங்குளம். சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கும் டீக்கடையில் விசாரித்தேன். ஜூலையில் சிவகாசிக்கு வேலைக்குப் போன பெண்கள் நான்கு வீட்டில். மூன்றாவது வீடு சுப்புத்தாய். கணவர் இல்லை. ஒரே மகள். பெயர் பத்திரகாளி.

சுவரில் படம் இருந்தது. இடது புருவத்தில் வெட்டு.

"கம்பெனியிலயே தங்கியிருக்கா போல. ஒரு காயிதம் போடமாட்டா, அவ கொணம் அது," என்றார். மஞ்சள் சுடிதார் ஒன்றை எடுத்துக் காட்டினார். தவணைக்கு எடுத்ததாம். "தீவாளிக்கு வந்துருவா. நீங்க கம்பெனி ஆளா சார்?"

பேப்பர்காரன் என்றேன். வேறெதுவும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

2 செப்டம்பர், ஞாயிறு

குருவம்மாள்: "தீவாளி வரைக்கும் அந்தம்மா சந்தோசமாத்தான் இருப்பாக. விடுங்க."

"தீபாவளிக்கு அப்புறம்?"

எழுந்து போய்விட்டாள். மாடியில் நடை நிற்கவில்லை. இப்போது மறைப்பதற்கு அவசியமில்லை என்பதால் மாரி பகலெல்லாம் நடக்கிறாள்.

6 செப்டம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன்.

சுப்புத்தாய் கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் செய்திக்கு விவரம் கேட்பதைப் போலவே.

"யாரு மண்ணு தள்ளுனா?"

"நானும் தள்ளினேன்."

"பொம்பளைக அழுதாகளா?"

"நல்லா அழுதாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "என்ன பேரு சொல்லி அழுதாக?"



12 செப்டம்பர், புதன்

நான்காம் பக்கத்தில் திருத்தம் வந்தது. மூன்று வரி. மாரிசெல்வி (19) என்பதைப் பத்திரகாளி (18) என்று படிக்கவும்.

17 செப்டம்பர், திங்கள்

ராக்கப்பனைப் போலீஸார் கூட்டிப்போய் மூன்றாம் நாள் ஜாமீனில் விட்டார்கள். குருவம்மாளின் அக்கா என்னோடு பேசுவதில்லை. மாரியை ஊரில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் "ஏலே, செத்தவ வாராடா" என்று ஓடினார்கள். வேனில் அவள் பக்கத்தில் எவரும் உட்காரவில்லை. சாயங்காலமே திரும்பி வந்து மாடிக்கு ஏறிவிட்டாள். கீழே படு என்றால், "அங்கனதான் தூக்கம் வருது" என்கிறாள்.

சான்றிதழை ரத்து செய்ய ஆறு மாதமாவது ஆகும் என்கிறார்கள்.

"நீங்க போங்க," என்றாள் குருவம்மாள். "இவள விட்டுட்டு நான் வரல."

28 செப்டம்பர், வெள்ளி

சுப்புத்தாய் வந்திருந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். மாரியின் எதிரில் உட்கார்ந்து, மகள் வேன் ஏறிய அன்று என்ன உடுத்தியிருந்தாள், சாப்பிட்டிருந்தாளா, சிரித்தாளா என்று கேட்டார். மாரி சொல்லச் சொல்ல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தார். அடுத்த வாரமும் வருவாராம்.

நாளை எனக்கு விமானம். ஒரு டிக்கெட்.

9 நவம்பர், வெள்ளி. கோலாலம்பூர்

நேற்று தீபாவளி. விடுமுறை. என் செலவு: மூன்று பேரோடு ஒரு அறை 180, சாப்பாடு 350, பஸ் 80, தொலைபேசி அட்டை 30. மீதியை வீட்டுக்கு அனுப்புகிறேன், நான்கு பேருக்கு.

இன்று போனில் குருவம்மாள், "இனிமே மூணு பேருக்குப் போதும்ங்க," என்றாள்.

சுப்புத்தாய் நேற்று முன்தினமே வந்துவிட்டாராம். மாரிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மஞ்சள் சுடிதாரைப் போட்டுவிட்டாராம். அளவு எடுத்துத் தைத்ததைப் போல இருந்ததாம்.

"காலையில வாசல்ல நின்னு, 'பத்திரகாளி, பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னு கூப்பிட்டாக. இவ 'இந்தா வாரேன்மா'ன்னு எறங்கிப் போயிட்டா. எங்கிட்டச் சொல்லிக்கக்கூட இல்ல."

"நீ மாரின்னு கூப்பிட்டுப் பார்த்தியா?"

"ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பல."

மூன்று பேருக்கு என்று திருத்தினேன். மாதம் 220 ரிங்கிட் மிஞ்சுகிறது. அதை ஆலங்குளத்துக்கு அனுப்பலாம் என்று அஞ்சலகத்தில் படிவம் வாங்கி வந்தேன். ஊர், தெரு, சுப்புத்தாய் வீடு, எல்லாம் எழுதியாயிற்று. பணம் அந்தப் பெண்ணின் கையில் சேர வேண்டும். பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.