ஒரு நாள் நர்ஸ்

ஆவணி 29, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. பாப்பாவுக்குச் சளி, இரைப்பு. அவர் குறட்டை. உப்பு, நல்லெண்ணெய் வாங்கணும்.

புதன்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மேலிடத்து அதிகாரி வருகிறார். எத்தனை ஆள் குறைவு, எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்து எழுத. விவரம் தயாரித்தது நான். புள்ளியியல் படித்ததற்கு அந்த ஒரு பயன். மலைமேல் துணை நிலையம்: கட்டடம் உண்டு, பூட்டு உண்டு, நர்ஸ் இல்லை. மருந்துப் பணம் பாதி வருஷத்துக்குக் காணாது. டாக்டர் (இனிமேல் டா. போதும், முழுசாக எழுதினால் மை வீண்) எல்லாவற்றையும் அடித்தார்.

"வூட்டுக்கு ஆள் வர்றப்ப கிழிஞ்ச பாயை விரிப்பியாம்மா? ஆளில்லேன்னா, நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருந்தேன்னு என்னைத்தான் கேப்பாரு."

குறையைக் கேட்கவே வருகிறவரிடம் குறையை மறைக்கிற புத்தி. எம்.பி.பி.எஸ். வேறு.

ஆவணி 31, புதன்

ரோசலினை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் நிலையத்து நர்ஸ், பாப்பாவுக்கு ஊசி போடுகிறவள். இன்று ஒரு நாளைக்கு மலை நர்ஸ். கஞ்சி போட்ட சேலை, இரவல் கட்டில். நானும் போனேன். வளைவுகளில் வாந்தி.

டிரைவர் தணிகாசலம்: "இன்னா மேடம், சாமிக்கு சோடனை பண்ணி எடுத்துக்கினு போற மாதிரியே இருக்குது."

அதிகாரி பார்த்தார். நாட்டுக்கோழி சாப்பிட்டார்.

"காலியிடம்?"

"இல்லைங்க சார், எல்லாம் ஃபுல்," என்றார் டா.

கூட்டத்தில் சின்னப்பொண்ணு என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி. முதல் பிரசவத்துக்கு டோலி கட்டி இறக்கும்போதே வழியில் பிள்ளை போய்விட்டதாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நர்சம்மா இங்கியே தங்குமா?"

டா. முந்திக்கொண்டார், அதிகாரி காதில் விழுகிற மாதிரி. "தங்காம? உங்களுக்காகத்தானே போட்டிருக்கு!"

அவள் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

திரும்பும்போது ஜீப்பில் அதிகாரிக்கு இடம், அவர் பியூனுக்கு இடம், தேன் டின்னுக்கு இடம். ரோசலினுக்கு இல்லை. நாளைக்குக் கூட்டி வருவார்களாம்.

புரட்டாசி 2, வெள்ளி

பஸ் இல்லை, பால் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடு நெடுக புளியமரங்கள் குறுக்கே கிடக்கின்றன. ரோசலின் மலையில் மாட்டிக்கொண்டாள். பாப்பாவின் நெஞ்சில் காது வைத்துப் பார்க்க ஆளில்லை. நானே வைத்துப் பார்க்கிறேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கிறது.

கீழே வேலை கேட்டு மரத்தை வெட்டிப் போடுகிறார்கள். மேலே காலியாகக் கிடக்கிற வேலையை இல்லவே இல்லை என்று சொல்லி அனுப்பியது எங்கள் ஆபீஸ்.

அவர்: "உனக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு? சம்பளம் வருதில்ல?" என்ன ஞானம்.

புரட்டாசி 15, வியாழன்

தூறல். பாப்பா தேவலை.

வழி திறந்ததும் ரோசலினை இறக்கிவிட்டார்கள். மாட்டிக்கொண்ட நாட்களில் இரண்டு பிரசவம் பார்த்தாளாம். இரண்டும் சுகம். பெண்கள் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்களாம். தணிகாசலம் சிரிக்கிறார்: "அங்கியும் மறியல் மேடம்! நர்சம்மா மருந்து எடுத்துக்கினு திரும்பி வந்துடும்னு பொய் சொல்லித்தான் இட்டாந்தேன்."

இன்று அதிகாரியின் அறிக்கை நகல் வந்தது. ஆள் போதும், கூடுதல் நிதி தேவையில்லை. டா. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நான் தொடவில்லை. பிறகு பாப்பாவுக்கென்று ஒன்று காகிதத்தில் மடித்துக்கொண்டேன். த்தூ.

மதியம் சின்னப்பொண்ணு வந்து நின்றாள். புருஷனோடு மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, "நர்சம்மாவ எப்பங்க அனுப்புவீங்க?"

டா. லட்டை மென்றுகொண்டே: "அடுத்த ஆபீசர் வர்றப்ப வரும்மா."

ஆபீஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"எனக்கு ஐப்பசிங்க. அவரு அதுக்கு முன்னாடி வருவாரா?"