அக்காவுக்கென்று கொதிக்கவைத்த தண்ணீர்

பிப். 9, திங்கள்

காலையில் பனி. ஹாஸ்டல் பைப்பில் கை வைக்க முடியவில்லை. ஆற்றுத் தண்ணீர் மூன்று பாட்டில் தயார்: அம்பை, முக்கூடல், திருநெல்வேலி. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து ஆற்றில் கலக்கிறதா, இதுதான் எங்கள் புராஜெக்ட். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் ஒன்றும் வேண்டும் என்றார் கெமிஸ்ட்ரி மேடம். நேற்று முக்கூடலில் எங்கள் வீட்டுக்குப் போனபோதே பிடித்து வந்துவிட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற அக்காவுக்கென்று அம்மா கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூட்டோடு தனி கேனில் ஊற்றி வைப்பது. எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தம் எதுவுமில்லை. ஒரு பாட்டிலுக்கே திட்டு. "ஏட்டி, பிள்ளத்தாச்சி தண்ணியிலயா கை வைக்குத?"

ஷாம்பு வாங்க வேண்டும். ரெக்கார்ட் நோட் பாக்கி.

பிப். 11, புதன்

கரைப்பான் வாடையில் தலைவலி. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்ததைச் சோதனைத் தட்டில் சொட்டு வைத்து, கரைப்பான் மேலே ஏறியதும் புற ஊதா விளக்கில் பார்த்தோம். ஆற்றுத் தண்ணீர் மூன்றிலும் மங்கலாக ஏதோ. எங்கள் வீட்டுத் தண்ணீரில் மட்டும் கருப்பாக, அழுத்தமாக ஒரு புள்ளி. ஒப்பிடப் பக்கத்தில் வைத்திருந்த பூச்சிமருந்துப் புள்ளிக்கு நேராக; அதே மருந்து என்று அர்த்தம்.

மேடம் என்னைத்தான் பார்த்தார். "கண்ணாடிச் சாமானெல்லாம் ஒழுங்கா கழுவுனியாம்மா?"

கூடச் செய்கிற ஸ்டெல்லா உவரிக்காரி. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "பாட்டில மாத்தித் தொலச்சிட்ட நீ." அழுகை வந்தது. மெஸ்ஸில் மறுபடி புளிசாதம்.

பிப். 12, வியாழன்

எல்லாவற்றையும் நானே கழுவினேன். காய்ச்சி வடித்த நீர்: ஒன்றுமில்லை. வீட்டுத் தண்ணீர்: அதே இடம், அதே புள்ளி.

அக்கா இதைத்தான் குடிக்கிறாள். எழுந்ததும், இரும்புச்சத்து மாத்திரையோடு, படுக்கும் முன்.

ஸ்டெல்லா இன்று கிண்டல் பண்ணவில்லை. "கிணத்துலயா இருக்கும்?" கிணற்றுத் தண்ணீரில் அம்மா செய்வது கொதிக்கவைப்பது மட்டும். அப்புறம் கேன்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அந்தத் தண்ணீரை அக்காவுக்குக் கொடுக்காதே என்றேன். "கொதிச்ச தண்ணிக்கு என்னட்டி கொறச்சல்? ஒங்க மேடத்துக்கு வேற சோலியில்லையா?" அந்தக் கேன் ஏது என்றேன். "அப்பா கடையிலேர்ந்து கொண்டாந்தது."

அப்பா மூட்டை தூக்குவது உரக்கடையில்.

பிப். 13, வெள்ளி

முதல் பஸ். லீவு சொல்லவில்லை. நுழைந்ததும் கேனைக் கவிழ்த்தேன். அம்மா கத்தினாள். லேபிள் கிழித்த இடத்தில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது. பூச்சிமருந்து வந்த கேன்.

அப்பா நம்பவில்லை. "வாடையே இல்லையேட்டி. புளி போட்டுக் கழுவி, மச்சில காயவச்சு, நானே மோந்து பாத்துல்லா குடுத்தேன்."

பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து மூக்குக்குத் தெரியாது, கொதிக்கிற தண்ணீரை ஊற்ற ஊற்ற அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்றேன். தினமும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது அம்மாதான்.

அப்பா கேனைத் திருப்பி, பசைத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "கடையில நாலு கெடந்துச்சு. இருக்கதுல நல்லதா பாத்து அவளுக்கு எடுத்தேன். மத்த மூணையும் தெருவுல கேட்டவங்களுக்குக் குடுத்திட்டனே." அவற்றைத் திரும்ப வாங்க, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனார்.

அக்கா கையில் அதே தண்ணீர் டம்ளர் இருந்தது. பாதி காலி. நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? நீதான படிச்சிருக்க, சொல்லுட்டி."

"அத டாக்டர்தான் சொல்லணும், கெளம்புக்கா" என்றேன். வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்ட, கேனையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.