முன்பணம் இல்லாத போன்

நவம்பர் 2, 1999. செவ்வாய்.

விடியும் முன்பே மழை. ஸ்கூட்டர் சீட் நனைந்து, சேலை நனைந்து, அதற்குப் பிறகுதான் ரெயின்கோட் ஞாபகம்.

இன்றைய பாடு:
அமரவிளை, எருமைக்கு மடிவீக்கம். ஊசி. காசு அடுத்த வாரமாம்.
தனுவச்சபுரம், டீச்சர் வீட்டு நாய். ஒரு நோயும் இல்லை, தின்று கொழுத்திருக்கிறது. சொன்னால் டீச்சருக்குக் கோபம்.
பெருங்கடவிளை, தங்கம்மையின் பசு. நிறைசினை. கணக்குப்படி பதினைந்தாம் தேதிக்கும் இருபதுக்கும் நடுவில் ஈனும்.

தங்கம்மை வீட்டில் எனக்கு இன்னமும் நேராக நிற்க வராது. போன வருடமும் இதே பசு. டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். "டாக்டரம்மா, ஒரு காலு மட்டும்..." என்று கேட்டது. அத்தோடு என் போன் செத்தது. பாட்டரி. யார், எந்த ஊர், பசுவா எருமையா, ஒன்றும் தெரியாது. செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நிறுத்தி, அந்தச் செங்கல் போனை உலுக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுப் போனுக்கும் அடித்திருக்கிறாள். வீட்டில் ஆள் இல்லை. ஊர் ஊராக விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது கன்றைச் சாக்கு போட்டு மூடியிருந்தாள். ஒற்றைக் கால் மடங்கல். பத்து நிமிட வேலை.

அவள் திட்டவில்லை. "அது போட்டும் டாக்டரம்மா. சாயா குடிக்கியளா?" என்றாள். திட்டியிருக்கலாம்.

தனியாள். மகளின் நர்ஸிங் படிப்பு முழுக்க அந்தப் பசுவின் பாலில். இன்று கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்தேன்: "இந்தத் தடவை நீங்க கூப்பிட்டா நான் எடுப்பேன் அக்கா." வாய் சும்மா இருக்காது எனக்கு.

பாட்டரி இப்போது நான்கு நிமிடம். இன்றைய பேப்பரில் விளம்பரம்: பழைய போனைக் கொடு, புதியதை வாங்கு, நம்பர் அதே நம்பர், முன்பணம் இல்லை. வெட்டி இதோ ஒட்டியிருக்கிறேன். சாட்சி.


4, வியாழன்.

மேகமூட்டம். நெய்யாற்றின்கரை, போன் கம்பெனியின் ஷோரூம். ஏ.சி. குளிரில் என் மேல் மாட்டு வாடை எனக்கே தெரிந்தது.

கவுண்டரில் ஒரு பெண். நல்ல பெண், சிரிக்கிறாள். "பணம் ஒண்ணும் அடைக்கண்டா மேடம். ஃப்ரீயாணு." பழைய போனை வாங்கி நிறுத்துப் பார்ப்பது போல் கையில் வைத்துப் பார்த்தாள். ரசீது தந்தாள். சிம்மைக் கழற்றிச் சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தாள். விலாசத்துக்கு ஏதாவது பேப்பர் கேட்டாள்.

ரேஷன் கார்டு ரேஷன் கடையில் கிடக்கிறது. ஸ்கூட்டர் டிக்கியில் அப்பா தந்த தென்னந்தோப்பின் தீர்வை ரசீது இருந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், முப்பது சென்ட், என் பெயரில். போன வாரம்தான் கட்டியது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கம்பீரமாக இருக்கும். அதை எடுத்துக் கொடுத்தேன்.

கேரளா, தமிழ்நாடு எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது வழக்கம்தான். வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம், பெண் கொடுத்தது அந்தப் பக்கம், எடுத்தது இந்தப் பக்கம். எந்தப் பேப்பர் கையில் அகப்படுகிறதோ அதை நீட்டுவோம். பாங்கில், பள்ளிக்கூடத்தில், சபையில், யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

அவளும் கேட்கவில்லை. டைப் அடித்தாள். திங்கள்கிழமை வரச் சொன்னாள்.

வரும் வழியில் சந்தோஷத்தில் ஏத்தங்காய் பஜ்ஜி இரண்டு.


8, திங்கள்.

மழை. கோபம். பஜ்ஜியைத் திருப்பிக் கக்க முடிந்தால் கக்கியிருப்பேன்.

முன்பணம் ஐயாயிரம்.

ஏனென்றால் நான் வெளிமாநிலக்காரி.

கவுண்டர் பெண் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து டை கட்டிய மானேஜர் வந்தான். எனக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் இவன் வயது இருப்பான்.

"மேடம், அட்ரஸ் தமிழ்நாடு. அவுட் ஆஃப் ஸ்டேட் கஸ்டமர்னா சிஸ்டம் டெபாசிட் கேக்கும்."

"எலே, அது தென்னந்தோப்பு! அங்க தேங்கா மட்டும்தான் குடியிருக்கு. நான் பாறசாலைக்காரி ஆக்கும். இந்த டவுணில எத்தன வீட்டு மாட்டுக்கு நான் பேறு பாத்திருக்கேன் தெரியுமா?"

"சரியாணு மேடம். பட்சே சிஸ்டம்..."

அந்த சிஸ்டத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

சரி, வேண்டாம், என் பழைய போனைத் தா என்றேன். எர்ணாகுளத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம். நான்கே நாளில்! என் டெபாசிட் விஷயத்தில் நகராத கம்பெனி, என் செங்கல்லை மட்டும் ரெயிலேற்றிவிட்டது.

ஆக இன்றைய நிலவரம்: நான்கு நிமிடப் போனும் இல்லை. கைப்பையில் கவருக்குள் சிம் மட்டும்.

வீட்டில் சாரிடம் கொட்டித் தீர்த்தேன். (கட்டிய கணவரை டைரியில்கூட சார் என்றே எழுத வருகிறது. ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. கணக்கு வாத்தியார்.) பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரேஷன் கார்ட குடுத்திருக்கலாமே வசந்தா" என்றார். கையிலிருந்த தட்டை அவர் மேல் எறியாமல் சிங்கில் வைத்தேன். இதையும் கர்த்தர் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.


10, புதன்.

வெயில் ஒரு மணி நேரம். உடனே மழை.

ரேஷன் கடைக்காரரிடமிருந்து கார்டை மீட்க முக்கால் மணி நேரம். "அரிசி வாங்காத ஆளுக்கு கார்டு எதுக்கு டாக்டரம்மா?" என்று அவருக்கு ஒரு சிரிப்பு.

மறுபடி நெ.கரை ஷோரூம். கார்டை மேசை மேல் வைத்தேன். மானேஜர் பார்த்தான், தலையாட்டினான், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். பிறகு சொன்னது:

விலாசம் மாற்ற முடியாது. பழைய விண்ணப்பத்தை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். போடலாம். ஆனால் என் பழைய போன் ரத்தான விண்ணப்பத்தோடு போய்விடும். புதியதில் மாற்றிக்கொள்ளப் போன் இல்லாத ஆள் நான். போன் கொடுக்காதவர்களுக்கு முன்பணம் ஏழாயிரம்.

மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னான்.

தப்பான விலாசத்துக்கு ஐயாயிரம். சரியான விலாசத்துக்கு ஏழாயிரம்.

விளம்பரத்தைக் காட்டினேன். (டைரியோடு கொண்டுபோயிருந்தேன்.) அவன் விரல் அடியில் போய் நின்றது. எறும்பு அளவு எழுத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. கண்ணாடி இல்லாமல் வாசித்தவளுக்கு வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பெரியவர்: "டாக்டரே, எனக்கு அவங்க நாலாயிரம் கட்டணும்னு பறஞ்சாங்க. நான் ஃப்ரீன்னு விளம்பரம் பாத்துத்தான் வந்தேன்." ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. பிறகு வெட்கம். அடுத்தவன் மாட்டிக்கொண்டதில் என்ன ஆறுதல்.

சார் ராச்சாப்பாட்டில் கணக்குப் போட்டார்: ஐயாயிரம், மாத வாடகை, வருகிற போனுக்கும் நாம்தான் காசு. "இதுக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம் போல இருக்கே." வாங்கினால் அதற்குப் பேறு பார்க்க நான் என்னையே எப்படிக் கூப்பிடுவதாம்?


12, வெள்ளி.

தூறல். பெருங்கடவிளை. பசுவுக்கு மடி இறங்கியிருக்கிறது. இடுப்பு எலும்பின் இரு பக்கமும் லேசான குழி. இன்னும் ஒரு வாரம் தாண்டாது.

தொழுவத்துச் சுவரில் கரியால் என் நம்பர். பத்து எண்ணும், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. தங்கம்மைக்கு அதிகம் எழுத வராது. பூத்துக்காரன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்ததாகச் சொன்னாள்.

"ஓர்மையிலயும் உண்டு டாக்டரம்மா. சொல்லட்டா?"

சொன்னாள். ஜெபம் சொல்வது போல் கண்ணை மூடிக்கொண்டு. ஒரு எண்கூடத் தப்பவில்லை.

அந்த நம்பருக்கு இப்போது போனே இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தோப்பு, ரசீது, சிஸ்டம், எல்லாம்.

"அப்ப நான் எங்ஙன விளிக்கது?"

கோபமே இல்லாமல் கேட்டாள். வீட்டு நம்பர் இருக்கிறதே என்றேன். "அங்க ஆளு எடுக்கல்லியே, போன தடவ" என்றாள். பிறகு அவளே பேச்சை மாற்றி, மகளுக்கு ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள்.

திரும்பும்போது ரெயின்கோட்டுக்குள் கொஞ்சம் அழுதேன். யாருக்குத் தெரியப் போகிறது.

சீட்டுப் பணத்தை எடுப்பதென்று முடிவு. புது ஸ்கூட்டர் அடுத்த வருடம்.


15, திங்கள்.

கட்டினேன். ஐயாயிரம். தென்னந்தோப்பில் குடியிருப்பதாகக் கையெழுத்தும் போட்டேன். பில் இனி தோப்புக்கு வரும். தேங்காய் வெட்டுகிறவர் பார்த்து எடுத்து வரட்டும்.

புதுப் போன். சோப்பு டப்பாவை விடச் சின்னது. கவுண்டர் பெண் மறுபடி சிரித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் சம்பளம் பாக்கி வைப்பார்கள் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்தால் திரையில் அந்தப் பக்கத்துக் கம்பெனியின் பெயர். களியக்காவிளை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விடமாட்டேன் என்கிறது. பழைய செங்கல் நீளக் கம்பியை நீட்டி நெ.கரையையே பார்த்துக் கிடக்கும். இதற்கு அந்தப் பிடிப்பு இல்லை. அந்தப் பக்க டவரில் பேச வேண்டுமென்றால் அதற்கு ரோமிங் என்று வேறு டெபாசிட்டாம். கட்டவில்லை. ஆகவே போன் உண்டு, டவர் உண்டு, பேச்சு இல்லை.

சாரும் நானும் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தோம். பக்கத்து வீட்டு அம்மா மதில் வழியே பார்த்து, "என்ன டாக்டரே, பருந்துக்கு இரை காட்டுதியளா?" என்றாள்.

கடைசியில் மேற்கு மூலைப் பலா மரத்தடியில் மட்டும் நம் கம்பெனி. இரண்டு கோடு. அங்கே ஒரு கிளையில் சாரின் டிபன் பையை மாட்டி, அதற்குள் போன். மழைக்குப் பிளாஸ்டிக் உறை. டாக்டர் வீட்டில் பலா மரம் காய்த்திருக்கிறது என்று ஊர் பேசும், பேசட்டும்.


17, புதன்.

மழை இல்லை. அதிசயம்.

காலை ஏழு மணிக்கே மரத்திலிருந்து போனை இறக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இந்தப் போனை நம்பி உட்கார்ந்தால் போன வருடக் கதைதான். மற்ற வேலைகளுக்கெல்லாம் நாளை என்று சொல்லி அனுப்பினேன். பசு ஈனும் வரை பகலெல்லாம் தங்கம்மை வீட்டிலேயே இருப்பதென்று முடிவு.

நல்லதாகப் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது பசு எழுந்து படுத்து, எழுந்து படுத்து. தங்கம்மை பூத்துக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பனிக்குடம். ஒரு கால் வந்தது. ஒன்று மட்டும். தங்கம்மை என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோள் வரை தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே கை விட்டேன். கன்றைப் பின்னால் தள்ளி, மடங்கிய காலின் குளம்பைத் தேடி, உள்ளங்கையில் பொத்திப் பிடித்தபோது, கைப்பையில் போன் அடித்தது. வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக. எல்லையை விட்டுத் தள்ளி வந்ததில் நம் டவர் அகப்பட்டுவிட்டது.

"எடுங்க அக்கா! பச்சை பட்டன்!"

எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூத்தில் பேசுகிற அதே சத்தத்தில்:

"ஆரு? கம்பெனியா? டாக்டரம்மாக்க கை பசுவுக்க உள்ள ஆக்கும்! ... என்ன? ... இன்னும் ஆயிரத்தி ஐந்நூறா? எதுக்கு? ... ரோமிங்கா? அவிய எங்கயும் போகல்ல, இங்கதான் நிக்காவ! ... மக்கா, பேறு கழிஞ்சு விளி. வைக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்து கை நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். கால் நேராக வந்தது. கயிறு கட்டி, பசு முக்கும்போதெல்லாம் இரண்டு பேருமாக இழுத்தோம். மூக்கு, தலை, தோள், பிறகு மொத்தமும் வழுக்கி வந்து விழுந்தது.

அசையவில்லை. மூக்கில் இருந்த கோழையை வழித்து, வைக்கோலால் உள்ளே குத்தினேன். ஒரு தும்மல்.

பெண் கன்று. நெற்றியில் வெள்ளை.

தங்கம்மை அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டாள். போன் மடியில். "சாயா போடட்டா?" என்றாள். இந்தத் தடவை குடித்தேன். இரண்டு கிளாஸ்.

கம்பெனிக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை.


18, வியாழன்.

மழை மறுபடி. பிந்திய வேலைகள்:
அமரவிளை எருமை, தேவலை. காசு மறுபடி அடுத்த வாரம்.
டீச்சர் வீட்டு நாய், இன்னும் கொழுப்பு.
சோப்பு, பஞ்சு, கையுறை வாங்க வேண்டும்.

சாயங்காலம் துணி எடுக்க முற்றத்துக்குப் போனபோது பலா மரம் அடித்தது. குடை இல்லாமல் ஓடினேன். உறையைப் பிரிக்க, பையைப் பிரிக்க, நின்றுவிடும் நின்றுவிடும் என்று.

"டாக்டரம்மா? நான் தங்கம்மை. பூத்திலேருந்து. ஒண்ணுமில்ல, குட்டி சுகமாட்டு பால் குடிக்குது."

"பிறகு என்ன அக்கா? எதுக்கு மழையில காசு செலவாக்கி..."

"சும்மாதான். விளிச்சா எடுக்கியளான்னு பாத்தேன்."

எடுத்தேன்.