பால்கனியில் ஓராள் குறைவு

அக்டோபர் 6, திங்கள்

இன்று கடையில் மானம் போனது. சிகரெட்டுக்குப் பதிலாக வாங்கிய புது வேப் கருவியில் ஆறேழு இழுப்பு இழுத்திருப்பேன், டயர் மாற்ற ஒரு கார் வந்தது. உடனே அதைக் கீழே போட்டு பூட்ஸ் காலால் நன்றாக நசுக்கித் தேய்த்துவிட்டேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். கால் என்னைக் கேட்டா செய்கிறது? நாலாயிரத்து அறுநூறு தினார். வாங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

கூட வேலை பார்க்கும் ஷிகா பழைய டயர் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ரதிசாவ் அண்ணே, நீஷ் ஊர்லயே விலை கூடின சிகரெட் துண்டு உன்னுதுதான்."

மாலை இன்னொன்று வாங்கினேன். போன வாரம் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் காட்டி "முழுசா விட்டுடுங்க" என்றார். நான் பாதி விட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் விட்டேன்.

அக்டோபர் 9

மனைவி வேரிட்சா அடுப்படியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். என் புகையை மோந்து பார்த்தாள். "ஜாம் வாசனை அடிக்குது. இதை வேணா உள்ளயே ஊது, சுவர் மஞ்சளாகாது."

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து புகை விட்டேன். மந்திரி மாதிரி இருந்தது. மகன் ஊரோஷ் சிகரெட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் பால்கனிக்குப் போனான்.

"கதவைச் சாத்துடா, காத்து ஊடாடுது! கழுத்து புடிச்சுக்கும்!" வேரிட்சா வழக்கம்போல் கத்தினாள். சாத்தினான்.

அக்டோபர் 15

குளிர்காலத்துக்காக வீட்டு ரேடியேட்டரில் சூடு விட்டுவிட்டார்கள். உள்ளே கதகதப்பு. எனக்கு என்னவோ சரியாக இல்லை.

யோசித்துப் பார்த்தால், ஊரோஷும் நானும் வீட்டுக்குள் பேசியதே இல்லை. சாப்பாட்டு மேஜையில் "உப்பை எடு", அவ்வளவுதான். பேச்செல்லாம் பால்கனியில். வேலை முடிந்து வந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம், எதிர்க் கட்டிடத்தைப் பார்த்தால் போதும். முதல் பாதி சிகரெட்டுக்கு "குளிர் வந்துடுச்சு", "ஆமா." விஷயம் இரண்டாம் பாதியில்தான் வரும். காதலி தெயொதோரா அவனை விட்டுப் போனதை அப்படித்தான் சொன்னான். எலக்ட்ரீஷியன் பரீட்சையில் முதல் தடவை தோற்றதையும். கதவு சாத்தியிருப்பதால் வேரிட்சாவுக்கு ஒன்றும் கேட்காது. காற்று பயம் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

அக்டோபர் 21

நாலு மாடியும் நிற்காமல், மூச்சு வாங்காமல் ஏறினேன். யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன்.

நவம்பர் 3

குளிர்கால டயர் மாற்ற ஊரே வரிசையில் நிற்கிறது. முதுகு இரண்டாகிவிட்டது. நடுவில் ஷிகா சொல்கிறான்: "வாழ்த்துக்கள் அண்ணே. ஜெர்மனி! பெரிய ஆளுய்யா உன் பையன். வாயே திறக்கலையே நீ?"

"ஆமா," என்றேன். "போறான்." தெரிந்தவன் மாதிரி. வீல் நட்டை ஒரு சுற்று கூடவே முறுக்கினேன்.

சனிக்கிழமை ஊரோஷ் தன் காருக்கு டயர் மாற்ற வந்தான். நான் வேறொரு வண்டிக்கு அடியில் கிடந்தேன். கடைக்குப் பின்னால் போய் ஷிகாவோடு ஒரு சிகரெட் பிடித்திருக்கிறான். அங்கே சொல்லியிருக்கிறான்.

என் மகன். எங்கிட்ட சொல்லல. ஷிகாகிட்ட சொல்லியிருக்கான். எத்தனை சிகரெட் தள்ளி நின்னேன் நான்? ஒரு மாசம். ஒரே ஒரு மாசம்டா.

நவம்பர் 4

கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் பேசுகிறான். வாய் அசைகிறது. ஒரு கை என்னவோ கணக்குச் சொல்கிறது. எழுந்து போகலாம்தான். உள்ளேயே ஊத அனுமதி உள்ளவன் குளிரில் எதற்கு வெளியே வந்தான் என்று கேட்டால்?

நவம்பர் 8

பால்கனிக்குப் போய்விட்டேன். கருவியும் கையுமாக.

"என்னப்பா, அம்மா துரத்திட்டாளா?"

"சும்மா. காத்தாட."

"இந்தப் புகை உனக்கு ஆகாது. உள்ள போ." சொல்லிக்கொண்டே பாதி சிகரெட்டை அணைத்துவிட்டான். எனக்காக. அந்த மீதிப் பாதிக்குத்தானே நான் வந்தேன்.

நவம்பர் 11

முக்குக் கடையில் ஒரு பெட்டி சிகரெட் வாங்கினேன். பழைய பிராண்டு.

நவம்பர் 12

பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்து, "நெருப்பு கொடு" என்றேன்.

ஊரோஷ் அதை என் வாயிலிருந்து பிடுங்கினான். பெட்டியையும் பிடுங்கிக் கசக்கினான். முகம் சிவந்துவிட்டது. "இதுக்குத்தான்! இதுக்குத்தான்பா சொல்லாம இருந்தோம்! விஷயம் தெரிஞ்சா மறுநாளே நீ மறுபடி இதைத் தூக்குவேன்னு அம்மா சொன்னா. ஷிகா ஓட்டை வாயன்னு தெரிஞ்சும் உளறிட்டேன்."

ஆக வேரிட்சாவுக்கும் தெரியும். என் நெஞ்சைக் காப்பாற்ற இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கோபப்பட வழியில்லை. அவள் சொன்னதைத்தானே செய்தேன், அதுவும் அவன் கண் முன்னால்.

பிறகு சொன்னான். ஸ்டுட்கார்டில் வேலை. மாதக் கடைசி. ஒப்பந்தம் இரண்டு வருஷம்.

"எல்லாரும் ரெண்டு வருஷம்னுதான் போறாங்க."

"நான் வந்துடுவேன்பா."

"ஆமா."

இரண்டு பேர் கையிலும் ஒன்றுமில்லை. பேச்சு நின்றதும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே வந்துவிட்டோம்.

நவம்பர் 13

சிகரெட்டைத் தொடவில்லை. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே நம்புவதற்கு.

நவம்பர் 30, ஞாயிறு

மதியம் பஸ் நிலையம். வேரிட்சா பை நிறைய தின்பண்டம் கட்டியிருந்தாள், ஜெர்மனியில் அடுப்பே கிடையாது என்பதுபோல். அவள் கழிவறைக்குப் போனாள், அழத்தான். ஊரோஷும் நானும் பஸ் பக்கவாட்டில் நின்றோம். அவன் சிகரெட் எடுக்கவில்லை. நானும் கருவியை எடுக்கவில்லை. எதிரே விளம்பரப் பலகை ஒன்று இருந்தது, இரண்டு பேரும் அதையே படித்தோம்.

"அந்தக் கருவியையும் விட்டுடுப்பா," என்றான்.

"பாக்கலாம்."

"சிகரெட்டை விட்டதே பெருசு. பத்து வருஷம் கூட இருப்ப, பாரேன்."

டிரைவர் ஹாரன் அடித்தான். ஊரோஷ் கட்டிப்பிடித்தான், எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம், அவன் முகச்சவரத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. "போய்ச் சேர்ந்ததும் எழுது" என்றேன். ஏறிவிட்டான்.

அந்தப் பத்து வருஷம் யாரோடடா, என்று மட்டும் கேட்கவில்லை.