கல்வட்டத்துப் பக்கம் உன் மகளோடு நின்றவர்கள்

என் கண்ணே ஸ்டெல்லா,

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தலையைச் சாய்த்தால் நீ வந்துவிடுகிறாய். தாம்பரம் பக்கம் மின்சார ரயில் போகிற சத்தம் எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கும். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாத நேரம். ஈரத் தலையோடு என் கால்மாட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒன்றும் கேட்கமாட்டாய். கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தானே வேண்டும்?

உன் மகளைப் பற்றித்தான். நீ கண்ணை மூடியபோது பேச்சுகூடச் சரியாக வராத ப்ரீதா, இப்போது பூமியைத் தோண்டிப் பழைய காலத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்கிறாள். தொல்லியல் என்று பேர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவே நாளாயிற்று. இப்போது சர்ச்சில் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். தொல்லியல்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கத்து முதல் மலரில் போட ஏதாவது எழுதிக் கொடு பாட்டி என்றாள். உனக்கு எழுதுகிறேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றேன்.

ஆமாம், சங்கம். அது பிறந்தது நம் சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில்.

பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி ஒரு மேட்டு நிலம். அங்கே பெரிய பெரிய கற்கள் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கின்றன. ஒரு நாள் ப்ரீதா என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, சுற்றிக் கல் நட்டிருக்கலாம் என்றாள். நான் முக்காடு போட்டு ஒரு ஜெபம் சொன்னேன். யாரோ பெற்ற பிள்ளையைத் தோண்டி எடுக்க உங்களுக்கு மனசு வருமா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் தோண்ட மாட்டோம் பாட்டி. கொஞ்சம் பாத்துட்டு மிச்சத்தை அப்படியே விட்டுருவோம். நாளைக்கு எங்களைவிட நல்லா தெரிஞ்சவங்க வருவாங்கல்ல."

இன்னும் வராத ஆளுக்காக மிச்சம் வைக்கிற ஒரு வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நிலத்தைத்தான் மனைகளாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டார்கள். நிலத்தைப் பார்வையிட்டுச் சொல்லும் கம்பெனி ஒன்றில் அப்போது அவளுக்குத் தற்காலிக வேலை. "இங்கே பழைய காலத்துப் பொருள் ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். இனிமேல் வரவேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை காலை மண் தள்ளும் மிஷின் வருகிறது என்று தெரிந்து ஓர் அதிகாரியிடம் ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை. "நீ ஒருத்தி மட்டும் சொல்றேம்மா. உங்க துறைக்காரங்க என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

துறைக்காரர்கள் என்று சேர்ந்து சொல்ல யார் இருந்தார்கள்? ஆளுக்கொரு காட்டில் ஆளுக்கொரு குழியில் இருந்தார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பூத்திலிருந்து சொல்லி, சனிக்கிழமை சாயந்திரம் நம் வீட்டுக்கு வரவழைத்தாள்.

உன் அப்பா ரயில்வே யூனியனில் இருந்தவர் அல்லவா, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவர்களிடம் முதல் கேள்வியாக, கொடிக்கு என்ன கலர் என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சங்கம் வைத்தால் என்ன வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் பத்திரிகை நடத்த வேண்டும் என்றார். ஒருவர் வருஷத்துக்கொரு மாநாடு. எங்கே வேலை காலி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் போதும் என்றார் இன்னொருவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மேரி என்ற பெண், முகாம் போடும்போது பெண்கள் எங்கே படுப்பார்கள், எங்கே குளிப்பார்கள் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். பிறகு யார் யாரைச் சேர்ப்பது என்று சண்டை வந்துவிட்டது.

"கல்வெட்டு படிக்கிறவங்க கையில மண்ணே ஒட்டாதே சார்" என்றார் குழி தோண்டுகிற ஒருவர்.

"உங்க கையில எழுத்து ஒட்டாத மாதிரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ரவை உப்புமாவைக் கொண்டுவந்து வைத்தேன். அப்போதுதான் ப்ரீதா திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. கண்ணாடி போட்ட பாஸ்கர் என்ற பையன் மெதுவாகச் சொன்னான்.

"தோண்டாம எப்படிங்க தாழி இருக்குன்னு சொல்றது? ஒரு சீசன் வேலை செஞ்சு பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லலாம்."

ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலில் அளக்க வேண்டும், படம் வரைய வேண்டும், மழைக்காலம் போகட்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களோடு பழகியவர்களுக்கு ஒரு திங்கட்கிழமை கண்ணுக்கே தெரியவில்லை, ஸ்டெல்லா.

"தம்பி, அந்த மிஷின் சீசன் பாக்காது" என்றார் உன் அப்பா.

ப்ரீதா எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டாள். அவள் முகம் அப்போது உன் முகம். இந்த வேலையே வேண்டாம், ஏதாவது ஸ்கூலில் பாடம் எடுக்கப் போகிறேன் என்றாள். நீ இவர்களிடம் என்னதான் எதிர்பார்த்தாய் என்று கேட்டேன்.

"நான் சொல்றது சரின்னுகூட சொல்ல வேணாம் பாட்டி. இவ எங்க ஆளு, இவ பேச்சைக் கொஞ்சம் கேளுங்கன்னு சொன்னா போதும்."

காபி டம்ளரை வைக்க வந்த பெரியவர் வாசற்படியில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்தவர், ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அவரை சார் என்பார்கள். டம்ளரை வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டே பேசினார்.

"நாம தப்பா சொல்லிட்டா அப்புறம் திருத்தி எழுதிக்கலாம். கல்லைப் பேத்துட்டா திருப்பி வைக்க முடியாது."

கடைசியில் பாஸ்கர்தான், பேப்பர் இருக்குமா என்று கேட்டான். அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது, தெரிகிறவரை யாரும் தொடக்கூடாது என்று எழுதினான். "தெரியாதுன்னா நான் கையெழுத்துப் போடுவேங்க. அது உண்மைதானே." எல்லாரும் போட்டார்கள். தாளின் மேலே சங்கத்துக்கு என்ன பேர் போடுவது என்பதற்கு மறுபடி ஒரு சண்டை.

திங்கட்கிழமை சாரும் ப்ரீதாவும் பாஸ்கரும் அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். நானும் உன் அப்பாவும் மேரியும் மற்றவர்களும் விடியும்போதே மேட்டு நிலத்துக்குப் போய்விட்டோம். ஏரியிலிருந்து பனி எழும்பி வந்தது. மிஷின் அதற்குள்ளிருந்து யானை மாதிரி வந்து நின்றது. ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா பெரியவரே, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு. நான் கூலிக்கு வந்தவன், நவுருங்க."

"நாங்களும் கூலிக்காரங்கதாம்பா. ஆபீஸ்லேர்ந்து ஆள் வரட்டும், அதுவரைக்கும் நீயும் உக்காரு" என்றார் உன் அப்பா. அவனும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் ஒரு கல்லில் சாய்ந்தேன். கண் செருகியது. பனிக்குள் நிறையப் பேர் நடமாடுகிற மாதிரி இருந்தது. இந்தக் கல்லில் ஒன்றைக்கூடத் தனி ஆளால் உருட்ட முடியாது. எத்தனை பேர் கை கொடுத்திருப்பார்கள்? உள்ளே படுத்திருப்பது யாருடைய மகளோ? கல் நட்டபோது அவளுடைய அம்மா எங்கே நின்றிருப்பாள்? நீ எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எப்போதும் ஈரமாக இருக்கிற தலை அன்று காய்ந்திருந்தது.

உச்சி வெயிலில் அதிகாரியின் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். தொல்லியல் துறையிலிருந்து வந்து பார்க்கிறவரை வேலை நிற்கட்டும் என்று உத்தரவு. ரோட்டோரம் ஏற்கனவே சமப்படுத்தியது போனது போனதுதான். வட்டம் இருக்கிறது. மனை போட்டவர்களோடு வழக்கு நடக்கிறது, எப்படி முடியுமோ தெரியாது. ப்ரீதாவுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சங்கத்தில் ஒருவர் சொல்லியனுப்பி, இப்போது செங்கல்பட்டுப் பக்கம் அகழாய்வுக்குப் போகிறாள். மேரியும் உடன் இருக்கிறாள். இரண்டு பேரும் கேட்டு, பெண்களுக்குத் தனிக் கூடாரமும் குளிக்க மறைப்பும் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நானும் உன் அப்பாவும் போய்விட்டால் இந்தப் பெண்ணுக்காக யார் வந்து நிற்பார்கள்? அந்தப் பயம் இப்போது பாதிதான் இருக்கிறது. சங்கம் இன்னும் கைக்குழந்தை. கூட்டத்துக்கு நம் கூடம்தான், அடுப்பு என்னுடையதுதான். அது தன் காலில் நடக்கிறவரை நான் இங்கேயே இருப்பேன், ஸ்டெல்லா. உன் மகள் தனியாக இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் உன்னிடம் வருவேன். அதற்கு முன்னால் நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

உன் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிற,
உன் அம்மா